கார் ஷெட்டுக்கு எந்தச் சுவரில் ஜன்னல்

சேசு மரி சூசை துணை

தொண்டி

அன்புள்ள மகன் சவரிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் அது பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

நீ அனுப்பிய படம் நேற்றுத் தபாலில் வந்தது. அய்யா எப்படி இருக்கிறார், அம்மாவின் முழங்கால் வலி தேவலையா என்று ஓர் ஓரத்திலாவது கேட்டிருப்பாயோ என்று தாளை முன்னும் பின்னும் புரட்டினேன். ஒன்றும் இல்லை. நாலு சுவர், நடுவில் பெட்டி மாதிரி ஒரு கார், சிவப்புப் பென்சிலில் ஜன்னல். போன தடவை தெற்குச் சுவரில் இருந்த ஜன்னல் இந்தத் தடவை மறுபடியும் கிழக்குச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரே ஒரு வரி: "வாடைக்கு முன்னால் ஷெட் முடிந்தால் வேலையை விட்டுவிட்டு, வாங்கிய காரோடு வருகிறேன், இல்லையென்றால் இங்கேயே வீடு பார்த்துக்கொள்கிறேன்." பட்டறை முதலாளி உன்னைத் தலைமை மெக்கானிக் ஆக்குகிறேன் என்கிறாராம். நல்லதுதான், சந்தோஷம். ஆனால் பெற்ற தாய்க்கு மகன் ஊர் திரும்புவதும் திரும்பாததும் ஒரு கொத்தனாருடைய கையில் இருக்கிறது என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். உட்கார்ந்து முழுவதும் படி.

மெட்ராஸில் இருந்து இருந்து நம் வீடு எந்தத் திக்கில் இருக்கிறது என்பதே உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. வீட்டுக்கு வடக்கே கிடந்த காலி மனையில்தான் ஷெட் எழும்பிக்கொண்டிருக்கிறது. மேற்கே ரோடு, அதனால் கார் நுழையும் பெரிய கதவு அந்தப் பக்கம். கிழக்கே கடல். வடக்கே வெட்டவெளி, வாடைக்காற்றும் மழையும் நேராக வந்து மோதுகிற இடம். தெற்கே, நம் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் இடையில், உன் சூசை சித்தப்பாவுடைய முற்றம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு வந்து கிடக்கிறது. பங்கு பிரிக்கும்போது யார் அப்படி அளந்தார்களோ, அவர்களை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆக, கதவுப் பக்கம் போக ஷெட்டுக்கு இருப்பது மூன்று சுவர். மூன்று சுவரில் ஜன்னல் வைக்க இரண்டு ஆம்பிளைகள் ஒரு வருஷத்தின் பாதியை முழுங்கிவிட்டீர்கள்.

உன் அய்யாவைப் பற்றி உனக்குத் தெரியாததையா எழுதப்போகிறேன்? நம் கடற்கரைச் சனங்களுக்கு ஜன்னல் என்றால் காற்று வருகிற வழி, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு என்று ஒரு ஜன்னல் வைப்பார்கள் என்பதே அவர்களுக்கு வேடிக்கை. வெளிச்சம் வேண்டுமென்றால் வெளியே போய் உட்கார் என்பார்கள். நான் திருவாடானைப் பக்கம் வயற்காட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்து வீடு கட்டுவார்கள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் உன் அய்யா எனக்கு அடுப்படி கட்டிக்கொடுத்தார். சோழகக்காற்று சிலுசிலுவென்று வரும் என்று தெற்கே ஜன்னல் வைத்தார். சோழகமும் வந்தது. வந்த காற்று அடுப்புப் புகையை அப்படியே வாரி என் முகத்தில் அடித்தது. "காத்து எப்படி வருது பாத்தியா!" என்று வாசலில் நின்று பெருமையடித்தார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைப் புது இடத்துக்கு வந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அல்வா வாங்கி வந்தார். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அடுப்படிக்கு ஜன்னல் வைக்கும்போது அவளை ஒரு வார்த்தை கேள். இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

உனக்கும் அவருக்கும் ஆகாமல் போனதும் காற்றினால்தானே. வள்ளத்தில் எஞ்சின் வைப்போம் என்று நீ கேட்டாய். "காத்து சும்மா வருது, அதுக்குப் பாய் போதும். எஞ்சினு நாத்தத்துக்கு மீனெல்லாம் செத்துப்போயிரும்" என்றார் அவர். "அப்ப எஞ்சினு இருக்கிற ஊருக்கே நான் போறேன்" என்று நீ பெட்டியைத் தூக்கினாய். அன்றைக்கு நான் நடுவில் விழுந்து தடுத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் கோபம் ஆறட்டும் என்று விட்டேன். ஆறவே இல்லை. அன்று முதல் அவர் உனக்குச் சொல்வதை நான் எழுதுகிறேன், நீ அவருக்கு எழுதுவதை நான் படித்துக்காட்டுகிறேன். நீ எழுதுவதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் படிப்பேன், அவர் சொல்வதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டுத்தான் எழுதுவேன். அதனால்தான் இன்னும் நீங்கள் அப்பனும் மகனுமாக இருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ கார் வாங்கப்போவதாகவும், இங்கே வந்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டு, பஸ் லாரி ரிப்பேர் வேலையும் பார்க்கப்போவதாகவும் எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டினேன். மறுநாள் காலையில் போய் காலி மனையில் கருவேலஞ்செடியை வெட்டிக்கொண்டிருந்தார். நீ முதலில் அனுப்பிய படத்தை நான் விளக்கிச் சொன்னேன். வடக்குச் சுவரில் உயரத்தில் நீளமாக மூன்று கண்ணாடி ஜன்னல். வடக்கு வெளிச்சத்தில் வெயில் உள்ளே விழாது, எஞ்சினைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு ஆணியும் தெளிவாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். "வடக்கயா! வாடையில மழை குறுக்கால வரும்டி. காரு உள்ள மெதக்கும்" என்றார். ஆனாலும் அந்தோணிக் கொத்தனாரைக் கூப்பிட்டு நீ போட்டபடியே வைக்கச் சொன்னார். எனக்கே ஆச்சரியம். மனிதர் மாறிவிட்டார் என்று மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்த மெழுகுவத்தி வீண். ஜன்னல் வைத்த வாரத்திலேயே உள்ளே கிழிந்த வலையைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சம் பார்க்கிறாராம். வலை பொத்த முடிகிற வெளிச்சம் இருந்தால் எஞ்சின் பிரிக்கவும் முடியும் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. இருட்டு" என்றார். கொத்தனார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணே, நல்லாத்தானண்ணே இருக்கு?" என்றார். "நீயா வலை பொத்தப்போற?" என்று அவரை ஒரு அதட்டல். கிழக்குச் சுவரை உடைத்தார்கள். காலை வெயில் கடலில் பட்டு நேராக உள்ளே வந்தது. இப்போதாவது திருப்தியா என்றால், "கண்ணு கூசுது, ஒண்ணும் தெரியலை, அடை" என்றார். அடைத்தார்கள். தெற்கே உடைத்தார்கள். சூசை சித்தப்பா வீட்டு முற்றத்தில்தான் பிலோமினா சித்தி தலை காயவைப்பாள். "எங்க முத்தத்துல எட்டிப் பாக்கவா இந்தச் சன்னலு?" என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் ஜன்னலை ஒட்டி ஓலை மறைப்பு நின்றது. அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றுபோனது. கூரையில் கண்ணாடி ஓடு பதித்தால் யார் முற்றத்துக்கும் போக வேண்டாமே என்று நான்தான் சொன்னேன். பதித்தார்கள். "உச்சியில இருந்து கண்ணுல குத்துது" என்று சொல்லி, அவரே ஏறி அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார்.

உனக்கு அப்போதைக்கப்போது நான் எழுதியதெல்லாம், வடக்கே ஆகாதாம், கிழக்கே பார் என்கிற மாதிரி இரண்டு வரிதான். நீயும் உடனே வேறு படம் போட்டு அனுப்பினாய். ஒரு தடவையாவது "ஏம்மா ஆகாது?" என்று கேட்டாயா? கேட்டிருந்தால் நானும் யோசித்திருப்பேனோ என்னவோ. உன்மேல் உள்ள வீம்பில் சுவரைப் போட்டு இடிக்கிறார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நீ வந்துவிடக்கூடாது என்றுகூட நினைக்கிறாரோ என்று ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கடைசியில் அந்தோணிக் கொத்தனார் கரண்டியைக் கழுவிச் சாக்கில் போட்டுக்கொண்டு, "மதினி, இது ஷெட்டா புறாக்கூண்டா? அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தப்புறம் ஆள் அனுப்புங்க" என்று போய்விட்டார்.

போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உச்சிப் பொழுது. அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ரோட்டுப் பக்கத்துப் பெரிய கதவு திறந்திருந்தது. வடக்கு ஜன்னலில் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஊசி கிடந்தால் எடுத்துவிடலாம். நடுவில் வலையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் போய் நின்றேன். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "யாரு, பிலோமினாவா? சூசையப் பாக்க வந்தியா? இங்கன இல்லையே" என்றார்.

முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பொழுது விடிந்தால் என் முகத்தில் முழிக்கிற மனுஷன். அப்புறம் கீழே பார்த்தேன். பொத்தி வைத்திருந்த வலையில் ஒரு கண்ணிக்குள் என் கை முழுதாகப் போகும். பக்கத்துக் கண்ணியில் சுண்டுவிரல் நுழையாது. அவர் கண்ணால் பொத்தவில்லை, விரலால் தடவித் தடவிப் பொத்திக்கொண்டிருந்தார். செம்பு சரிந்து, அதில் இருந்த கஞ்சி பாதி என் காலில் கொட்டியது. அப்போதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினேன்.

"அந்தச் சுவத்துல வச்சாலும் இருட்டு, இந்தச் சுவத்துல வச்சாலும் இருட்டுன்னீகளே. இங்கன சுவரே கெடையாது. இப்பத் தெரியுதா?"

கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கினார். "பனியா இருக்கு" என்றார். உச்சி வெயிலில்.

"எம்புட்டு நாளா?"

"என்னத்த எம்புட்டு நாளா? உப்புக்காத்து பட்டிருக்கு. போயிரும். கஞ்சியக் குடு."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவராகவே அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். "வெளிச்சம் வந்தா வெள்ளையா மூடிருது. வெளிச்சம் இல்லாட்டி இருட்டாயிருது. நான் எங்கிட்டுத்தான் சன்னல் வைக்க, சொல்லு?" என்றார். சவரி, அந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் எழுந்து போய்விடுவார் என்று அடுப்பை ஊதுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் வள்ளத்தில் ஏற்றமாட்டார்களாம். உன்னிடம் எழுதக்கூடாதாம். "எஞ்சினு படிச்சவன். கெழவனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு, இனி அவன் பேச்சை என்ன கேக்கன்னு நெனப்பான்" என்றார். நீ வந்து வேலை செய்கிற இடத்தில் உனக்குக் கண் வலிக்கக்கூடாது என்றுதான் சுவர் சுவராக உடைத்திருக்கிறார். தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால்தான் உனக்கும் தெரியும் என்று நினைத்திருக்கிறார். இதை வீம்பு என்று நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய். வெட்கமாக இருக்கிறது எனக்கு.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். கண்ணில் புரை வளர்ந்திருக்கும், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டுவிடுவார்கள், பார்வை திரும்ப வரும் என்றார். எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால், மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பயமில்லையாம். பஸ்ஸில் போகமாட்டாராம். படி தெரியாமல் தடுமாறி, கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவதைக் கடைத்தெருவே நின்று பார்க்க வேண்டுமா என்கிறார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை பட்டினியும் கிடந்து பார்த்தேன். அசையவில்லை.

இது ஒருபக்கம் என்றால், வள்ளத்தில் சுக்கான் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. சூசை சித்தப்பாவைக் கோவில் வாசலில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவருக்கு எப்போதோ தெரியுமாம். கரையில் அண்ணனோடு பேச்சு கிடையாது, ஜன்னல் சண்டை. கடலில் மட்டும் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வலத்தே பிடி, இடத்தே பிடி என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வருவாராம், இவரும் காதில் விழாத மாதிரி திருப்புவாராம். "மதினி, இப்பக் கடல் அமைதியா இருக்கு, சமாளிக்கிறோம். வாடை எறங்கிருச்சுன்னா நான் கத்துறது எனக்கே கேக்காது" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது சவரி. ராத்திரி தூக்கமில்லை. வள்ளம் கரைக்கு வருகிறவரை அடுப்பு மூட்டக் கை வரவில்லை. வீம்பு பிடித்த இரண்டு பேருக்கு நடுவில் நான் ஒருத்தி எத்தனை நாளைக்குத்தான் தாங்குவேன்?

நேற்று உன் படம் வந்ததும் அவரிடம் போய், சவரி கிழக்கே ஜன்னல் கேட்கிறான் என்றேன். "அவன் காரு நெசமாவே ஓடுமா? இல்ல, தள்ளிக்கிட்டுத்தான் வரணுமா?" என்றார். மெட்ராஸில் இருந்து ஓட்டி வருகிறவன் தள்ளிக்கொண்டா வருவான் என்றேன். "வரட்டும். மதுர வரைக்கும் ஒரு தரம் ஏறிப் போய்ப் பாத்தாத்தான் தெரியும், நல்ல வண்டியா ஓட்டை வண்டியான்னு" என்றார். அவர் வாயிலிருந்து இதற்குமேல் வராது. இதுவே வந்தது பெரிது. உனக்குப் புரிகிறதா? புரியவில்லையென்றால் உன்னை அந்த ஊர் கெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் இனிமேல் படம் அனுப்பாதே. அனுப்பினால் அடுப்பில் போடுவேன். ஷெட் முடியவில்லை, முடியப்போவதும் இல்லை. மூன்று சுவரும் பொத்தலாக நிற்கிறது. நீ வந்து உன் கண்ணால் பார்த்து எந்தச் சுவரில் வேண்டுமானாலும் உடைத்துக்கொள், யார் முற்றத்தை வேண்டுமானாலும் பார்த்துக்கொள், பிலோமினா சித்தியை நான் சமாளிக்கிறேன். கார் வெயிலில் நின்றால் பெயிண்ட் வெளுக்கும், உப்புக்காற்றில் நின்றால் துருப் பிடிக்கும். பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். தலைமை மெக்கானிக் வேலை வேண்டுமென்றால் அதையும் பார், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் இப்போது, வாடை இறங்குவதற்குள், லீவு கேட்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு வா. கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. புது வண்டியைக் காட்ட வந்தேன், மதுரை வரை போய்வருவோம் வாங்கய்யா என்று மட்டும் சொல்.

ரோட்டில் திரும்பும்போதே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வா. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அவர் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். நீ சத்தமில்லாமல் வந்து எதிரே நின்றால் யாரோ என்று நினைத்து, யாரு என்று கேட்டுவிடுவார். அப்படி அவர் உன்னைக் கேட்கக்கூடாது.

உன் அம்மா